தாடியஸ் ஸ்டீவன்ஸ் கட்டுரை: அந்த 1821 வழக்கைச் சேர்க்கலாமா?

அடிமைமுறையை எதிர்த்த அமெரிக்க வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஸ்டீவன்ஸே 1821-இல் ஓர் அடிமை உரிமையாளருக்காக வாதாடி ஜெயித்திருக்கிறாரே, கல்லூரிக் கட்டுரையில் அதை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். விடுதலை கேட்டுத் தோற்றவர் சாரிட்டி பட்லர். அந்தப் பெண்ணின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம் அவர் மாறியதைக் காட்டுங்கள். வெள்ளையருக்கு மட்டுமே வாக்குரிமை என்ற பென்சில்வேனியா மாநிலத்தின் 1838 அரசியல் சாசனத்தில் அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். 1851-இல் அதே மாநிலத்தின் கிறிஸ்டியானா ஊரில் நடந்த மோதலில், தப்பிவந்த அடிமைகளைப் பிடிக்க உதவாததால் தேசத்துரோக வழக்கில் மாட்டியவருக்காக வாதாடினார்; ஜூரி விடுவித்தது. என்னைக் கேட்டால் கட்டுரையின் உயிர் இங்கேதான்.

குடியுரிமையையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பையும் தந்த அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தத்தில் அவர் பங்கு எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொன்னால் போதும். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் எல்லா இனத்தவருக்கும் இடமளித்த இடுகாட்டையே தனக்குத் தேர்ந்தெடுத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணம் கல்லறையிலேயே பொறித்திருக்கிறது.