போர்டு இருக்கட்டும், அந்த நண்பன் யார்?

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் முதல்முறையாக ஸ்னோபோர்டு விடுமுறைக்குக் கிளம்புகிறோம். ஆறு நாள். எங்களில் ஒருவனுக்கு மட்டும் நன்றாக ஓட்டத் தெரியும். மற்ற மூவருக்கும் நண்பனே சொல்லிக்கொடுத்துவிடுவான். எந்த போர்டு வாங்கலாம், எந்த மாதம் போகலாம்?
— ஒரு வாசகர்

பதில்: போர்டைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த நண்பன்.

அவர் நல்லவராகவே இருக்கட்டும். நன்றாக ஓட்டுபவருக்குத் தான் எப்படிக் கற்றோம் என்பது மறந்துபோயிருக்கும், அதுதான் சிக்கல். கற்றுக்கொள்பவர்களுக்கான சமதளம் அவருக்குச் சலிக்கும். முதல் நாளே லிஃப்டில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய்விடுவார். நீங்கள் கீழே பார்த்து மிரண்டு நிற்கும்போது, "பயப்படாதே, கொஞ்சம் பின்னால சாஞ்சுக்கோ" என்பார். சொல்லவே கூடாதது அதுதான். பின்னால் சாய்ந்தால் எடை பின்காலுக்குப் போய்விடும். முன்பக்க விளிம்பு பனியில் பதியாது. போர்டு திரும்பாமல் நேரே கீழ்நோக்கி வேகமெடுக்கும். "ஒரே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்" என்று அவர் கிளம்பிவிட்டால், அதன்பின் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கண்ணில் படுவார்.

அந்த இடைவெளியில் நடப்பது இதுதான். போர்டு சரிவுக்குக் குறுக்காக இருக்கிறது. குதிகால் பக்க விளிம்பில் நின்று மெல்ல வழுக்கிக்கொண்டு வருகிறீர்கள். ஒரு நொடி அசந்து பாதத்தைத் தட்டையாக்குகிறீர்கள். மலையின் கீழ்ப்பக்கம் பார்த்த விளிம்பு பனியைக் கவ்வுகிறது. போர்டு நின்றுவிடுகிறது, உடம்பு நிற்காது. முகம் கீழ்ப்பக்கம் இருந்தால் முன்னால் விழுவீர்கள். முதுகு கீழ்ப்பக்கம் இருந்தால் மல்லாந்து விழுந்து பின்மண்டை அடிபடும். இப்படி விழுவதற்கு வேகமே வேண்டாம், நடக்கிற வேகம் போதும். ஹெல்மெட் இல்லாமல் முதல் நாள் சரிவில் கால் வைக்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பயிற்சியாளர் இதற்கு ஒரு வரிசை வைத்திருப்பார். முதலில் முன்காலை மட்டும் போர்டில் பூட்டிச் சமதளத்தில் பின்காலால் தள்ளிப் பழகுவது. அடுத்து, தானாக வந்து நிற்கிற சின்னச் சரிவில் நேராக வழுக்குவது. பிறகு இரண்டு காலையும் பூட்டி, குதிகால் விளிம்பில் குறுக்காக நின்று இறங்குவது. அதே நிலையில் இடமும் வலமுமாக ஊசலாடி இறங்குவது. இவ்வளவையும் கால்விரல் பக்க விளிம்பில், மலையைப் பார்த்து நின்றபடி, இன்னொரு முறை முழுக்கச் செய்வது. இதெல்லாம் வந்த பிறகுதான் திருப்பம். நண்பர்கள் விட்டுவிடுவது விரல் விளிம்பை. கீழே போகிற வழி தெரியாமல் இறங்க எல்லோருக்கும் பயம், அதனால் யாரும் கேட்டுப் பழகுவதும் இல்லை. விளைவு, ஆறு நாளும் குதிகாலிலேயே மலை முழுக்கத் தேய்த்து இறங்கி, தொடை எரிந்து, ஒரு திருப்பம்கூட வராமல் ஊர் திரும்புவது.

ஆகவே முதல் மூன்று நாளும் அரைநாள் குழு வகுப்பு. காலையில் கற்றதையே மதியம் அதே சரிவில் செய்து பாருங்கள். நண்பர் காலையில் தன் பாட்டுக்கு ஓட்டட்டும், மதியம் வந்து உங்களோடு நிற்கட்டும். பதிவு செய்யும்போது ஸ்னோபோர்டு, பெரியவர்கள், முதல்முறை ஆகிய மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலுக்கொரு பலகை கட்டிச் சறுக்கும் ஸ்கீ வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வாசலில் விழிப்பவர்கள் உண்டு. கூட்டமான வாரங்களில் வகுப்புதான் முதலில் நிரம்பும், அறைக்கு முன்னால் அதை முடியுங்கள். மலை முழுவதற்குமான லிஃப்ட் பாஸ் முதல் இரண்டு நாளுக்குத் தேவையே இல்லை. பல ரிசார்ட்டுகளில் கற்றுக்கொள்பவர்களுக்கென்று தனி பாஸ் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இப்போது போர்டு. வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். எளிதாக வளைகிற மெத்தென்ற போர்டு. நிமிர்த்தி நிறுத்தினால் நுனி உங்கள் மோவாய்க்கும் மூக்குக்கும் இடையில் வரட்டும். உயரத்தைவிட எடைதான் முக்கியம், படிவத்தில் எடையைக் குறைத்து எழுதாதீர்கள். பாதம் பெரியதென்றால் அகலமான போர்டு கேளுங்கள், இல்லாவிட்டால் விரல் பக்கம் திரும்பும்போது பூட்ஸ் நுனி பனியில் இடிக்கும். எந்தக் கால் முன்னால் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்: சாக்ஸோடு வழவழப்பான தரையில் ஓடிவந்து சறுக்குங்கள், முன்னால் போகிற கால்தான் முன்கால். பூட்ஸைப் போர்டில் பூட்டும் பைண்டிங்கின் கோணம் முன்காலுக்குச் சுமார் 15 டிகிரி முன்பக்கமாக, பின்காலுக்கு 6 முதல் 9 டிகிரி பின்பக்கமாக இருந்தால் ஆரம்பத்துக்குச் சரி. இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள், ஸ்க்ரூடிரைவர் எடுத்தால் இரண்டு நிமிட வேலை.

அக்கறை முழுவதையும் பூட்ஸில் காட்டுங்கள். போர்டு சுமாராக இருந்தாலும் கற்றுக்கொள்ளலாம், பூட்ஸ் தளர்ந்தால் முடியாது. காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அதன்பிறகு கட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும்; முட்டியை மடக்கினால் லேசாகப் பின்வாங்க வேண்டும். விரல் நுனியில் எழும்பிப் பாருங்கள். குதிகால் உள்ளே தூக்கினால் அந்த ஜோடி வேண்டாம், நீங்கள் விரல் விளிம்புக்குச் சாய்வது போர்டுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். கடையில் சொகுசாகத் தோன்றுகிற பூட்ஸ் பெரும்பாலும் ஒரு அளவு பெரியது. கால் மணி நேரம் போட்டு நடந்துவிட்டு முடிவெடுங்கள். சாக்ஸ் ஒன்றே ஒன்று, பூட்ஸுக்கு மேல் வரும் நீளத்தில், கம்பளியோ செயற்கை இழையோ. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து, ரத்த ஓட்டம் அமுங்கி, கால் இன்னும் குளிரும். உள்பேன்ட்டின் நுனியை பூட்ஸுக்குள் செருகாதீர்கள், மாலையில் முன்னங்காலில் அது வரியாகப் பதிந்திருக்கும்.

மணிக்கட்டுக் கவசம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று எழுதிய வாசகருக்கு முன்பு சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன். புதிதாகக் கற்கும் போர்டுக்காரர்கள் அதிகம் முறித்துக்கொள்வது மணிக்கட்டைத்தான். விழும்போது கை தானாக நீளும், அதை மனத்தால் தடுப்பது கஷ்டம். விரலை மூடி முஷ்டியாக்கி, முன்னால் விழுந்தால் முழங்காலிலும் முன்கையிலும் விழுங்கள். பின்னால் விழுந்தால் குந்தி உட்கார்ந்து, மோவாயை நெஞ்சோடு சேர்த்து, முதுகால் உருளுங்கள். கவசம் கையுறைக்குள் போகும் வகையென்றால் கையுறை ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். பஞ்சு வைத்த அரைக்கால் உள்ளாடையும் வாங்குங்கள், வால் எலும்பு வாழ்த்தும். ஜாக்கெட்டைவிட பேன்ட் முக்கியம், ஏனென்றால் முதல் நாளின் பெரும்பகுதி பனியில் உட்கார்ந்துதான் போகும். 10,000 மில்லிமீட்டர் நீர்த்தடுப்பு அளவுக்குக் குறையாமல் பாருங்கள். ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் உலரவே உலராது.

ரிசார்ட் பார்க்கும்போது ஹோட்டல் படத்தை விட்டுவிட்டு, லிஃப்ட் வரைபடத்தைப் பாருங்கள். ஆரம்பச் சரிவில் நின்றபடியே ஏறிப்போகிற கன்வேயர் பட்டை இருக்கிறதா? அங்கிருந்து மேலே போக கொண்டோலாவோ (கம்பிவடத்தில் போகும் மூடிய பெட்டி) நாற்காலி லிஃப்டோ உண்டா? கால்களுக்கு நடுவே கம்பைச் செருகி இழுத்துப்போகிற லிஃப்ட் ஸ்கீக்காரர்களுக்குச் சாதாரணம். பக்கவாட்டில் நிற்கிற நமக்கு அது தனி வித்தை. நீளமான சமதளப் பாதைகள் இருந்தாலும் அவதிதான், ஊன்றிக்கொள்ளக் கோல் இல்லாததால் போர்டு நின்ற இடத்தில் பின்காலை அவிழ்த்துத் தள்ள வேண்டும். நிறத்தையும் நாடு பார்த்துப் படியுங்கள். ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் எளிய தடம் நீலத்திலேயே தொடங்கும். வட அமெரிக்காவில் பச்சை வட்டம்தான் எளியது, நீலச் சதுரம் அடுத்த படி.

ஸ்கீக்காரர்கள் என்றதும் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1965-ல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துப் பிணைத்ததிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. 1998 நாகானோவில் ஒலிம்பிக்கிலும் நுழைந்தது. ஆனால் அமெரிக்காவில் ஆல்டா, டீர் வேலி, மேட் ரிவர் கிளென் ஆகிய மூன்று மலைகளில் போர்டுக்கு இன்னும் அனுமதியில்லை. ஆல்டா மீது 2014-ல் வழக்குப் போட்டும் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. மலை யார் வீட்டுச் சொத்தும் அல்ல, இந்தத் தடை எனக்கு ஏற்புடையதே இல்லை. ஆனால் போர்டுக்காரர்கள் தடத்தின் நடுவில் கும்பலாக உட்கார்ந்துவிடுகிறார்கள் என்ற ஸ்கீக்காரர்களின் புகார் நியாயமானது. சர்வதேச ஸ்கீ மற்றும் ஸ்னோபோர்டு சம்மேளனத்தின் பத்து விதிகளில் ஒன்றே அதுதான்: குறுகலான இடத்திலும், மேலிருந்து வருபவர் கண்ணில் படாத மேட்டுக்குக் கீழேயும் நிற்கக் கூடாது. விழுந்தால் எழுந்து ஓரத்துக்கு வாருங்கள், ஓரத்தில் உட்கார்ந்து பைண்டிங் பூட்டுங்கள். கழற்றிய போர்டைக் கவிழ்த்து, பைண்டிங் பனியில் அழுந்தும்படி வையுங்கள். மல்லாத்தி வைத்த போர்டு ஆளில்லாமல் சரிவில் இறங்கி யார் காலையாவது உடைக்கும்.

மாதம் கேட்டிருந்தீர்கள். வட கோளத்தில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை, பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிர்த்து. அதற்குப் பிறகு போனால் காலையில் தரை இறுகிக் கல்லாகவும், மதியம் கூழாகவும் இருக்கும். இறுகிய தரையில் விழுந்து கற்பது வலி. வேண்டுமென்றால் பதினோரு மணிக்கு மேல் வகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாளில் நான்காம் நாள் மதியம் ஓய்வு. மூன்றாம் நாளுக்குள் உடம்பில் வலிக்காத இடமிருக்காது, களைத்த காலில்தான் விளிம்பு கவ்வும்.

காப்பீட்டில் குளிர்கால விளையாட்டு தனியாகச் சேர்ந்திருக்கிறதா, மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு உள்ளடங்கியதா, குறித்த தடத்துக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்ற மூன்றையும் பத்திரத்தில் எழுத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.