துண்டு வெட்டிய பிறகு: அரச ஆஸ்பத்திரி கேள்வி பதில்

33 வருடம் கொழும்பில் அரசாங்கத் தாதி வேலை. கடைசி 9 வருடம் ஒரு மெடிக்கல் வார்ட்டில் சிஸ்டர். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், பென்ஷன் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். எங்கே போவது, எப்படிப் போவது, வீட்டுக்கு வந்தபின் என்ன செய்வது என்பதைக் கேளுங்கள். மருந்தின் அளவு சொல்ல மாட்டேன், ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினால் வாசிக்கவும் மாட்டேன்.

இன்னொன்று. இதை இன்றைக்குப் பல தடவை சொல்லத்தான் போகிறேன்: துண்டு வெட்டும்போது, அதாவது வார்ட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன நோய், என்ன வைத்தியம் என்று எழுதிக் கையில் தருகிற டயக்னோசிஸ் கார்டைத் தொலைக்காதீர்கள்.

வத்தளையிலிருந்து: அப்பாவுக்கு ஏற்கெனவே பிரஷர், சீனி இரண்டும் இருக்கு. திடீரென்று நெஞ்சு நோ வந்தா நேரே கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதா, ராகமைக்கா?

ராகமைக்கு. யோசிக்கவே வேண்டாம். நெஞ்சு நோவுக்கு முதலில் வேண்டியது ஒரு ஈ.சி.ஜி.யும் அதைப் பார்க்க ஒரு டொக்டரும். பேலியகொடை வாகன நெரிசலில் நிற்கிற நேரத்துக்குள் ராகமையில் அது முடிந்துவிடும்.

நம் ஆட்களுக்கு இருக்கிற பெரிய மூடநம்பிக்கை, பெரிய கட்டடத்தில்தான் உயிர் பிழைக்கும் என்பது. இந்த நாட்டில் யாரும் எந்த அரச ஆஸ்பத்திரிக்கும் கடிதமில்லாமல் நேரே போகலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அதனாலேயே தடிமன் காய்ச்சலும் பெரியாஸ்பத்திரி ஓ.பி.டி.யில்தான் வரிசையில் நிற்கிறது.

ஒழுங்கு இப்படி. தேசிய வைத்தியசாலை (பெரியாஸ்பத்திரி என்பது இதுதான்), ராகமை, களுபோவில போன்ற போதனா வைத்தியசாலைகள் எல்லாம் மத்திய சுகாதார அமைச்சின் கீழ். ஊர்ப்பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைகளும் ஆதார வைத்தியசாலைகளில் பெரும்பாலானவையும் மாகாணத்தின் கீழ். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு வந்த பிரிப்பு இது. அவற்றைப் பார்ப்பவர் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். நோயாளிக்கு இந்தக் கதை எதற்கு என்றால், சின்ன ஆஸ்பத்திரி உங்களைப் பெரிய இடத்துக்கு மாற்றினால் அவர்களே கடிதம் எழுதி, அங்கே கோல் பண்ணி, அம்புலன்ஸில் அனுப்புவார்கள். நீங்களாகவே ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினால், ஆரம்பத்திலிருந்து எல்லாம் திரும்ப நடக்கும்.

சும்மா பிரஷர், சீனி பார்க்க என்றால் பிரதேச வைத்தியசாலையில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் இருக்கும். இலவசம். அப்பாவை அங்கே பதிந்து வையுங்கள்.

கொம்பனித்தெருவிலிருந்து: மனைவிக்கு எட்டாம் மாசம். வலி வந்தா பெரியாஸ்பத்திரி எங்களுக்குக் கிட்ட, அங்கேயே போகலாந்தானே?

போக வேண்டாம், அங்கே பிரசவ வார்ட் இல்லை. 1879இல் தொடங்கிய டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி, அல்லது காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி. கிளினிக் கொப்பி எங்கே போட்டீர்களோ அங்கேதான். சிறுபிள்ளைகளுக்கும் பெரியாஸ்பத்திரி இல்லை, பொரளை ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அதுவும் 1895இலிருந்து இருக்கிறது, ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிழையான வாசலில் வந்து நிற்கிறவர்கள் இன்னும் குறையவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்குப் பாரிசவாதம், வலப்பக்கம் விழுந்துபோச்சு. பதினொரு நாள் வார்ட்டில வச்சிருந்து நேற்றுத் துண்டு வெட்டிட்டாங்க. மூக்கில குழாய், சலத்துக்கும் குழாய். பேச்சில்லை. இன்னும் ஒரு மாசம் வார்ட்டிலேயே வச்சிருக்கக் கேட்கலாமா? எனக்கு ஒன்றும் தெரியாது அன்ரி.

கேட்கலாம் மகள், வைத்திருக்க மாட்டார்கள். வார்ட்டைக் குறை சொல்லாதீர்கள். நம் ஆஸ்பத்திரிகள் உயிர் காக்கக் கட்டியவை. ஸ்கான், ஊசி, ஒப்பரேஷன் எல்லாம் ஒரு சதம் வாங்காமல் நடக்கும். அதற்குப் பிறகு வருகிற ஆறு மாதம், ஆறு வருடம் வீட்டுக்காரர் தலையில். நீண்டகாலப் பராமரிப்புக்கு என்று இருக்கிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இந்த நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 வீதம். இப்போது இன்னும் கூட. வார்ட்டுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

முதலில் ராகமை. போதனா வைத்தியசாலை இல்லை, புனர்வாழ்வு வைத்தியசாலை, அது வேறு. பாரிசவாதம், முள்ளந்தண்டுக் காயம் போன்றவற்றுக்கு ஆளைத் திரும்ப நடக்கப் பழக்குகிற இடம். நேரே போய்க் கட்டில் கேட்க முடியாது. அப்பாவைப் பார்த்த டொக்டரிடம், கிளினிக் நாளன்று, "புனர்வாழ்வுக்குக் கடிதம் தாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கிளினிக்கில் அன்றைக்கு நூற்றைம்பது பேர் இருப்பார்கள்.

இனி வீடு. படுக்கைப் புண்தான் உங்கள் முதல் எதிரி. இரண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாற்றுங்கள், இரவிலும். மணி எழுதிய ஒரு கடதாசியைச் சுவரில் ஒட்டி, மாற்றியவர் அதில் ஒரு கோடு போடட்டும், அப்போதுதான் "நான் செய்தேனே" என்று சண்டை வராது. விரிப்பில் சுருக்கம் இருக்கக்கூடாது. எங்கள் பெரிய சிஸ்டர் ஒருவர் கட்டில் விரிப்பில் ஐந்து ரூபாய்க் குற்றியைப் போட்டுப் பார்ப்பார், துள்ள வேண்டும். அவ்வளவு வேண்டாம், உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். குதிக்கால்தான் எல்லோரும் மறக்கிற இடம். ஒரு துவாயை மடித்துக் கெண்டைக்காலுக்குக் கீழே வையுங்கள். குதி மெத்தையில் படாமல், உங்கள் கை உள்ளே போகிற அளவுக்கு அந்தரத்தில் நிற்க வேண்டும். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்துங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் காலம் இருக்கிறது. அழுத்தியும் சிவப்பு மாறவில்லையென்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது, அன்றைக்கே காட்டுங்கள்.

மூக்குக் குழாய். மூக்கு வாசலில் குழாய் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே பேனையால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு தடவையும் சாப்பாடு ஊற்றமுதல் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு வெளியே வந்திருந்தால், இருமினால், ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலைப்பக்கம் உயர்த்தி வைத்து ஊற்றுங்கள், ஊற்றி அரை மணித்தியாலம் படுக்க வைக்காதீர்கள். சலக்குழாய் மாற்ற வேண்டிய திகதி கார்டில் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே.

சக்கர நாற்காலிக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். டயக்னோசிஸ் கார்டின் போட்டோப் பிரதி கேட்பார். அசல் கார்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்!

நீங்களும் ஒரு நேரமாவது நித்திரை கொள்ளுங்கள், மகள். தம்பிமார் இருந்தால் அவர்களுக்கும் கை இருக்கிறது.

மட்டக்குளியிலிருந்து: மகனுக்கு மூணு நாளாக் காய்ச்சல், டெங்குவோன்னு பயமா இருக்கு. அங்கொடை ஐ.டி.எச்., அந்தத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமா?

கிட்ட இருக்கிற எந்த அரச ஆஸ்பத்திரியும் டெங்குவைப் பார்க்கும். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் வந்தபோது ஐ.டி.எச். மட்டுமா பார்த்தது? மூன்றாம் நாள் என்றால் இன்றைக்கே இரத்தம் சோதியுங்கள். பரசிட்டமோல் தவிர வேறு நோமாத்திரை, புரூபன் உட்பட, கொடுக்கக்கூடாது. காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைக்காதீர்கள், ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்கும்.

தெஹிவளையிலிருந்து: 1990 அம்புலன்ஸுக்கு அடிச்சா காசு எவ்வளவு? பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாங்களா?

காசில்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்தியாவின் உதவியோடு தொடங்கியது, இப்போது நாடு முழுக்க. கிட்ட உள்ள அரச ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அம்மாவுக்குப் பித்தப்பையில கல். கிளினிக்கில திகதி ஐந்து மாசம் தள்ளித் தந்தாங்க. பக்கத்து வீட்டு அக்கா, "அதே டொக்டரைப் பிரைவேட்டில காசு கட்டிப் பார், சனல் பண்ணு, அவர் தன்ர வார்ட்டில எடுத்துக்கொள்வார்" என்கிறா. செய்யலாமா? பிழையா?

இதற்கு நான் எழுத முதலே இரண்டு பேர் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். தெஹிவளைத் தம்பி சொல்கிறார், "சனல் பண்ணுறது லஞ்சமில்லை, டொக்டர் ட்யூட்டி நேரத்துக்குப் பிறகு பார்க்கிறார், சட்டப்படி சரி" என்று. புளூமெண்டல் பக்கத்து அண்ணன் ஒருவர், "காசுள்ளவன் முன்னுக்குப் போனால் என் மனைவியின் திகதி பின்னுக்குப் போகுதே, அதுக்குப் பேர் என்ன?" என்று கேட்கிறார்.

இரண்டு பேரும் சரி. அரச நிபுணர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாரில் பார்க்கலாம், அதற்கு அனுமதி இருக்கிறது. ஒவ்வொரு வார்ட்டுக்கும் கேஷுவல்டி, அதாவது அவசர நோயாளிகளை, எடுக்கிற நாள் என்று ஒன்று உண்டு. சனல் பண்ணினவருக்கு அந்த நாள் தெரியும், கையில் டொக்டர் எழுதிய ஒரு துண்டும் இருக்கும். வந்து நேரே சேர்ந்துவிடுவார். வரிசையில் நிற்கிறவருக்கு அப்படி ஒரு நாள் இருப்பதே தெரியாது. இதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

தெஹிவளைத் தம்பி திரும்ப எழுதுகிறார், "அப்போ சிஸ்டர் உங்கட வீட்டு ஆளுக்கு வந்தா என்ன செய்வீங்க?"

செய்தேன் தம்பி. என் அம்மாவுக்குக் கண்ணாடிக் கதவுள்ள ஓர் இடத்தில் காசு கட்டிச் சனல் பண்ணி, அடுத்த கிழமையே அரச வார்ட்டில் சேர்த்தேன். தாதியாக இருந்துகொண்டே. அம்மா இன்னும் நாலு வருடம் இருந்தா. ஆகவே நான் யாருக்கும் ஒழுக்கப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஆனால் புளூமெண்டல் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை, அந்த நாலு வருடத்தை வைத்து அதை மூடவும் முடியாது.

இனிமேல் இதைப் பற்றி வருகிற எதற்கும் பதில் எழுத மாட்டேன். இன்னும் பதினான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒருவர் என் அம்மாவையும் இழுத்திருக்கிறார்.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சிக்கு, கேட்டது நீங்கள்தானே: முதலில் கிளினிக்கிலேயே, அம்மாவுக்கு இடைக்கிடை வலி வருகிறதா, காய்ச்சல் வருகிறதா என்பதை எழுதிக்கொண்டுபோய்ச் சொல்லுங்கள். அதைச் சொன்னால் திகதி முன்னுக்கு வரக்கூடும். கண் மஞ்சளானால், காய்ச்சலோடு நடுங்கினால் திகதி பார்க்காமல் அன்றைக்கே ஓ.பி.டி.க்கு.

ஹட்டனிலிருந்து, மஹரகமையில் தங்கியிருப்பவர்: அக்காவுக்குக் கேன்சர் வைத்தியம். டொக்டர் சிங்களத்தில சொல்றது அவவுக்கு விளங்குதில்ல. நான் ஆம்பிள, வார்ட்டுக்குள்ள நிக்க விட மாட்டாங்க.

பெண்கள் வார்ட்டில் கூட நிற்கப் பெண்ணுக்குத்தான் பாஸ் கிடைக்கும், அதை மாற்ற முடியாது. தமிழ் பேசுகிற தாதியோ அட்டெண்டனோ அந்த மாடியில் எங்காவது இருப்பார், விசாரித்து உதவி கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். கேள்விகளைச் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவித்து அக்காவின் தலையணைக்குக் கீழே வையுங்கள். ரவுண்ட் வரும்போது அவ அதை நீட்டினால் போதும். டொக்டர் எழுதிய பதிலைப் பின்னேரம் நீங்கள் வாசிப்பித்துக்கொள்ளலாம். நாங்கள் இப்படி எத்தனையோ கொப்பிகள் பார்த்திருக்கிறோம், ஒன்றின் பின்பக்கத்தில் பிள்ளையின் கணக்குப் பாடம் இருந்தது.

மொறட்டுவையிலிருந்து: 1990 அம்புலன்ஸில அப்பாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகலாமா?

இல்லை. அவசரத்துக்கு மட்டும்.

கிருலப்பனையிலிருந்து: 1990 ஃப்ரீயா?

மேலே இருக்கிறது.

நுகேகொடையிலிருந்து: பூனைக்குட்டி பிறாண்டிட்டு. சின்னக் கீறல்தான்.

15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் சோப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பூசியிருந்தால் அதையும் கழுவுங்கள். சின்னக் கீறல் பெரிய கீறல் பார்த்து விசர்நோய் வருவதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து, வேறொருவர்: ஒருவர் தன் தகப்பனை வார்ட்டில விட்டிட்டுப் பிழையான ஃபோன் நம்பரைக் கொடுத்திட்டுப் போனார். நான் பக்கத்துக் கட்டில். இதுக்குச் சட்டம் இல்லையா?

இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் சட்டம். பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக்கூடாது, பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையும் இருக்கிறது. ஆனால் முறையிட வேண்டியவர் அந்தத் தகப்பன். எங்கள் வார்ட்டிலும் ஒருவர் அப்படி இருந்தார். மகனின் பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டார், "அவனுக்கு வேலை போய்விடும்" என்பார்.

கிராண்ட்பாஸிலிருந்து: அன்ரி, போன வருஷம் துண்டு வெட்டின டயக்னோசிஸ் கார்டு தொலைஞ்சு போச்சு. மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்தது. இப்ப புதுக் கிளினிக்கில அதைக் கேட்கிறாங்க.

தண்ணீர் வந்தது என்றபடியால் ஏசவில்லை. சேர்ந்த திகதி, வார்ட் இலக்கம், அடையாள அட்டை மூன்றோடும் அந்த ஆஸ்பத்திரி ரெக்கோட் ரூமுக்குப் போங்கள். படுக்கைத் துண்டின் (வார்ட்டில் அவர்கள் வைத்திருந்த உங்கள் குறிப்பு) இலக்கம் எங்காவது பழைய இரத்த ரிப்போர்ட்டின் மூலையில் பேனையால் எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். அது இருந்தால் கெதியாக எடுப்பார்கள். காலையிலேயே போங்கள், ஒரே நாளில் கிடைக்காது. கிடைத்ததும் ஃபோனில் ஒரு படம் எடுத்து, ஊரில் இருக்கிற யாருக்காவது அனுப்பி வையுங்கள். அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் வராதுதானே.