டெக்னோபார்க் வேலைய விட்டுட்டு ம்யூரல் வரையப் போகலாமா?

நாகர்கோவில்ல வீடு, திருவனந்தபுரம் கழக்கூட்டத்துல இருக்குற டெக்னோபார்க் ஐடி பூங்காவுல வேலை, மனசு பூரா ம்யூரல்ங்கற சுவரோவியம், வேலைய விடலாமான்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா இப்ப விடாதீங்க.

1966ல சென்னை பக்கம் சோழமண்டல் ஓவியர் கிராமத்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பிச்சாரு இல்லையா, அங்க இருந்தவங்ககூட வெறும் ஓவியத்த நம்பி உக்காரல, பாத்திக் துணி (மெழுகு வச்சு சாயம் போடுறது), கைவினைப் பொருள்னு செஞ்சு வித்து அந்தக் காசுலதான் இடமும் வாங்கி படமும் வரைஞ்சாங்க, அதாவது கலைக்கு ஒரு பக்கத்துத் தொழில் தேவைப்பட்டுச்சு, உங்களுக்கு அது கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

ம்யூரல்னா அவசரத்துல வர்ற விஷயமும் இல்ல. குருவாயூர் தேவஸ்வம் நடத்துற சுவரோவியப் பள்ளியில டிப்ளமாவே 5 வருஷம். உங்களுக்கு பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்துலயே இருக்கு, லீவு நாள்ல போயி அங்க பாக்க விடுற சுவரோவியத்தோட கோடுகள கண்ணால படிங்க (மேல் மாடிக்கு எல்லா நேரமும் விடுவாங்கன்னு சொல்ல முடியாது).

இன்னொண்ணு, பிஎஃப் 5 வருஷம் ஆகுறதுக்கு முன்னாடி எடுத்தா பொதுவா வரி போடுவாங்க, கிராஜுவிட்டிக்கும் (வேலைய விடும்போது கம்பெனி குடுக்குற பணிக்கொடை) பெர்மனென்ட் ஆளுக்கு 5 வருஷ சர்வீஸ் கேப்பாங்க, அத பாத்துக்கிட்டு தேதி வைங்க. டெய்லி ட்ரெயின்ல போயி வர்றதுதான் உங்கள கொல்லுதுன்னா வேலைய விடவேண்டாம், வீட்லேர்ந்து பாக்குற வேலையா மாத்துங்க. முகம் தெரியாத ஆளுங்க திரும்பத் திரும்ப காசு குடுத்து படம் கேக்க ஆரம்பிச்சா, அப்ப ராஜினாமா பண்ணுங்க.