பெருவில் திருவிழாக்களைப் பார்க்க எந்த மாதம் போகலாம்? அரசு விடுமுறைப் பட்டியலை வைத்துத் திட்டமிடலாமா?

விடுமுறைப் பட்டியலை நம்பித் திட்டம் போடாதீர்கள். பெருவில் அரசு விடுமுறை வேறு, ஊர் கூடிக் கொண்டாடும் விழா வேறு. மலைநாட்டின் பெரிய விழாக்கள் பல அந்தப் பட்டியலிலேயே கிடையாது. ஸ்பானியர் வருமுன் ஆண்ட இன்கா அரசின் தலைநகரான குஸ்கோவில் கொஞ்ச காலம் வாழ்ந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்: ஜூன் மாதம் போங்கள், குஸ்கோவுக்குப் போங்கள்.

பட்டியலில் அதிகமும் இருப்பவை கத்தோலிக்கத் திருநாள்களும் போர் நினைவு நாள்களும்தான். பெரிய வியாழன், பெரிய வெள்ளி, தலைநகர் லிமாவின் புனித ரோசாவுக்கு ஆகஸ்ட் 30, 1879இல் நடந்த அங்காமோஸ் கடற்போருக்கு அக்டோபர் 8, ஸ்பானியப் படை தோற்ற 1824ஆம் ஆண்டு அயாகூச்சோ போருக்கு டிசம்பர் 9 என்று போகும். இவற்றில் நாடே கொண்டாடுவது ஜூலை 28, 29. 1821 ஜூலை 28 அன்று விடுதலைப் படைத் தளபதி சான் மார்த்தின் லிமாவில் சுதந்திரத்தை அறிவித்தார். ஜூலை முழுக்க வீடுகளில் சிவப்பு வெள்ளைக் கொடி பறக்கும். 28ஆம் தேதி அதிபர் நாடாளுமன்றத்தில் உரையாற்றுவார், 29ஆம் தேதி லிமாவில் ராணுவ அணிவகுப்பு. லிமாவில் பிழைப்பவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பும் வாரம் என்பதால் பேருந்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.

சரி, ஏன் ஜூன்? அங்கே ஜூன்தான் குளிர்காலம். மழை நின்றிருக்கும், உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் வீடு வந்து சேர்ந்திருக்கும். இரவில் உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில். அந்தப் பனியில் கிழங்கை உறைய விட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காய வைத்துச் சூன்யோ செய்வார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது. வேலை ஓய்ந்து, வீட்டில் தானியம் இருக்கிற காலம். விழா அப்போதுதானே வரும்!

முதலில் கொய்யூர் ரித்தி. அவுசங்காத்தே மலைப் பக்கம், சினகாரா பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 4,700 மீட்டர் உயரத்தில் நடக்கும் யாத்திரை. கரடி வேடமிட்ட உக்குக்குகள் இரவில் பனிப்பாறைக்கு ஏறுவார்கள். முன்பெல்லாம் பனிக்கட்டியை வெட்டி முதுகில் சுமந்து இறங்குவார்கள், அதைப் புனித நீராகப் போற்றுவார்கள். பனிப்பாறை சுருங்கிக்கொண்டே போவதைப் பார்த்து, வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். காலநிலை மாற்றம் ஒரு வழிபாட்டையே மாற்றிவிட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

அதை அடுத்து வருவது கோர்புஸ் கிறிஸ்தி, நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் நற்கருணை விழா. ஈஸ்டரைப் பொறுத்துத் தேதி மாறும், சில ஆண்டுகளில் மே கடைசியிலேயே வந்துவிடும். என்னைக் கேட்டால் குஸ்கோவின் உயிர் இதில்தான் இருக்கிறது. சுற்றியுள்ள பங்குகளிலிருந்து மாதா, புனிதர் சுரூபங்கள் பதினைந்தைச் சப்பரத்தில் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, பேராலயத்தில் ஒரு வாரம் தங்க வைப்பார்கள். இரவில் அந்தப் புனிதர்கள் கூடிப் பேசி ஊர் நடப்பை விசாரிப்பார்கள் என்பது ஊர் நம்பிக்கை. பேராலயத்துக்கு முன்னுள்ள அதே சதுக்கத்தில்தான் இன்கா காலத்தில் இறந்த அரசர்களின் பதப்படுத்திய உடல்களை விழா நாளில் கொண்டுவந்து அமர்த்தினார்கள் என்று ஸ்பானியர் எழுதி வைத்திருக்கிறார்கள். தெருக்கடைகளில் சிரியுச்சு வாங்கிச் சாப்பிடுங்கள். கினிப்பன்றி, கோழி, உப்புக்கண்டம், பாலாடைக்கட்டி, வறுத்த சோளம், கடற்பாசி, மீன்முட்டை எல்லாம் ஒரே தட்டில், ஆறியபடிதான் தருவார்கள். கடலும் மலையும் காடும் விளைவிப்பது அந்தத் தட்டில் சேர்ந்திருக்கும்.

ஜூன் 24 இந்தி ராய்மி, சூரியனுக்கான விழா. ஸ்பானிய ஆட்சியில் ஒடுக்கப்பட்டது. இன்று நாம் பார்ப்பது 1944இல் மீட்டெடுத்த வடிவம். எழுத்தாளர் இன்கா கார்சிலாசோ 1609இல் வெளியிட்ட நூலில் உள்ள வருணனையை வைத்து, மலைநாட்டு மக்களின் கெச்சுவா மொழியில் அமைத்தார்கள். நாடகம்தானே என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கெச்சுவா பேசுவதே இழிவு என்று கருதப்பட்ட நாட்டில், அந்த மொழி நகரத்தின் நடுச் சதுக்கத்தில் ஒலிப்பது சின்ன விஷயமில்லை. சாக்சாய்வமான் கோட்டையில் இருக்கைக்கு டிக்கெட் விலை அதிகம். காலையில் கொரிகாஞ்சா என்ற பழைய சூரியக் கோயிலிலும் சதுக்கத்திலும் நடப்பதைக் காசில்லாமல் பார்க்கலாம், சீக்கிரமே போய் நிற்க வேண்டும்.

இதே நாள்களில் மலைக் கிராமங்களில் இன்னொன்றும் நடக்கும். விடியுமுன் எழுந்து, நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். மங்கலாகத் தெரிந்தால் மழை குறையும் என்று கணித்து, கிழங்கு நடுவதைத் தள்ளிப்போடுவார்கள். 2000ஆம் ஆண்டு நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வு இதற்குக் காரணம் சொன்னது: பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வானின் உயரத்தில் மெல்லிய மேகம் கூடுகிறது, அதனால் நட்சத்திரம் மங்குகிறது, அந்த ஆண்டுகளில் மழையும் குறைகிறது.

ஜூனில் முடியாவிட்டால் பிப்ரவரி 2ஐ ஒட்டிப் புனோ நகரில் நடக்கும் கந்தெலாரியா மாதா விழாவுக்குப் போங்கள், நடனக் குழுக்களைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அது மழைக்காலம், பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா பாதையைப் பிப்ரவரியில் மூடிவிடுவார்கள். எப்போது போனாலும் குஸ்கோ 3,400 மீட்டர் உயரம், புனோ அதைவிட அதிகம். உடம்பு பழக முதல் இரண்டு நாள் ஓய்வுக்கு விடுங்கள்.