கேள்வி – பதில்: கேலிக்குள் இருக்கும் காதல்

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘மச் அடூ அபவுட் நத்திங்’ நாடகத்தில் பீட்ரிஸும் பெனடிக்கும் தொடக்கம் முதலே ஒருவரையொருவர் குத்திப் பேசுகிறார்கள். மற்றவர் தன்னைக் காதலிப்பதாக நண்பர்கள் சொன்ன ஒரு பொய்யை நம்பித்தான் காதலிக்கிறார்கள். இதை உண்மைக் காதல் என்று எப்படி ஏற்பது?

பதில்: பீட்ரிஸ் மேடையில் பேசும் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். போர் முடிந்து படை மெசினாவுக்கு வரும் செய்தியைக் கொண்டுவந்த தூதனிடம், பெனடிக் திரும்பினானா என்பதைத்தான் அவள் கேட்கிறாள். ஆனால் அவன் பெயரைச் சொல்லாமல், வாட்பயிற்சிச் சொல் ஒன்றைத் திரித்த பட்டப்பெயரால் கேட்கிறாள். கேலியின் மறைவில் நின்றுதான் அவளால் அக்கறையைக் காட்ட முடிகிறது. அவன் முன்பு தன் இதயத்தைச் சிறிது காலம் கடனாகத் தந்தான் என்றும், தான் அதற்கு வட்டியும் கொடுத்தேன் என்றும் இரண்டாம் அங்கத்தில் அவளே சொல்கிறாள். ஆகவே, தோட்டத்தில் அவர்கள் ஒட்டுக்கேட்கும்படி நண்பர்கள் பேசிய பொய், இல்லாத காதலை உண்டாக்கவில்லை. பழைய காயத்துக்கு அஞ்சி இருவரும் பூட்டிவைத்திருந்ததைத் திறந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அதே நாடகத்தின் மற்றொரு இணையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். கிளாடியோவும், ஹீரோ என்னும் பெயருடைய இளம்பெண்ணும் ஒருவரோடொருவர் அதிகம் பேசுவதே இல்லை. அவள் வேறொருவனோடு பழகுவதாகச் சாளரத்தருகே நடத்திக் காட்டப்பட்ட ஒரு பொய்க் காட்சியை நம்பி, தேவாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் கிளாடியோ அவளை இழிவுபடுத்துகிறான். அந்த இடிபாட்டுக்கு நடுவில்தான் பெனடிக் பீட்ரிஸிடம் தன் காதலை வெளிப்படையாகச் சொல்கிறான். அவளுக்காகத் தான் என்ன செய்யவேண்டும் என்று அவன் கேட்க, கிளாடியோவைக் கொல்லச் சொல்கிறாள் அவள். முதலில் மறுப்பவன், அவளுடைய சீற்றத்தின் நியாயத்தை உணர்ந்து, நெருங்கிய நண்பனையே வாட்போருக்கு அழைக்கிறான். ஐந்தாம் அங்கத்தில் பழைய தோழர்கள் வழக்கம்போல் கேலி பேச, நாடகத்திலேயே பெரிய கேலிக்காரனான அவன் மட்டும் சிரிக்காமல் நிற்கிறான். இந்தக் காதலின் ஆழத்தை அறிய எனக்கு அந்தக் காட்சி ஒன்றே போதும்.

கேள்வி: அப்படியானால், சொற்களை உளறிக்கொட்டும் காவலன் டாக்பெரி எதற்கு? வெறும் சிரிப்புக்குத்தானா?

பதில்: அந்தப் பாத்திரத்தைப் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் வில் கெம்ப்புக்காகவே ஷேக்ஸ்பியர் எழுதினார் என்பதற்கு, 1600இல் அச்சான பதிப்பே சான்று, அதன் ஒரு காட்சியில் டாக்பெரி என்பதற்குப் பதிலாகக் கெம்ப் என்ற பெயரே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அவன் சிரிப்புக்காக மட்டும் வரவில்லை. ஹீரோவுக்கு எதிரான சதியை அறிந்தவர்களைப் பிடிப்பது அவனுடைய காவலர்கள்தான். திருமணத்துக்குச் சற்று முன் அவளுடைய தந்தை லியோனாட்டோவிடம் அதைச் சொல்ல வந்தவன், சுற்றி வளைத்துப் பேசியே நேரத்தைக் கழிக்க, அவர் பொறுமையிழந்து போய்விடுகிறார். அன்று அவன் நான்கு சொற்களில் விஷயத்தைச் சொல்லியிருந்தால் ஹீரோவுக்கு அவமானம் நேர்ந்திராது. தேவாலயத்தில் பெனடிக் மனம் திறக்கும் தருணமும் வாய்த்திராது.