பாம்புக்குத் துணை வேண்டுமா?

வீட்டுப் பிராணிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு லண்டனில் பணிபுரியும் கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: டொக்டர், என் மகன் நாலடிப் பெட்டியில் ஒரு கோர்ன் ஸ்நேக் வளர்க்கிறான். அவனுடைய சிநேகிதனின் குடும்பம் வேறு நாட்டுக்குப் போவதால் அவர்களுடைய கோர்ன் ஸ்நேக்கையும் நாங்கள் எடுக்க இருக்கிறோம். ஒரே இனம்தானே, ஒரே பெட்டிக்குள் விட்டால் துணையாக இருக்கும் என்கிறான். கடையில் குட்டிகளை ஒன்றாகத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்னொரு பெட்டி, ஹீட்டர், லைட் என்று செலவழிக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, ஹாரோ

பதில்: செலவழிக்கத்தான் வேண்டும். இரண்டாவது பெட்டிக்கு இடமோ காசோ இல்லை என்றால் இரண்டாவது பாம்பை எடுக்க வேண்டாம். மகனிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், பழி என் மேல் இருக்கட்டும்.

அவன் துணை என்று நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரு பாம்பை அடித்தால் அதன் ஜோடி பழிவாங்க வரும் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அரசமரத்தடி நாகர் கல்லிலும் இரண்டு பாம்பு பின்னிக்கொண்டுதான் நிற்கும். எங்கள் ஊர்ப் பக்கம் வரப்போரத்தில் இரண்டு பாம்பு நிமிர்ந்து பிணைந்தால் சாரையும் நல்லபாம்பும் சேருகிறது என்பார்கள். பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. கார்ன் ஸ்நேக்கும் தனியாக வேட்டையாடி, தனியாகப் பதுங்கும் பிராணிதான். இணைசேரும் காலம் போனால் அதற்கு இன்னொரு பாம்பு தேவைப்படுவதில்லை.

"இரண்டும் ஒரே குகைக்குள் ஒட்டிப் படுத்திருக்கிறதே, எவ்வளவு பாசம்!" என்று போட்டோ காட்டுவார்கள். அந்தக் குகை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சூடான பக்கத்தில் இருக்கும். பெட்டிக்குள் நல்ல இடம் அது ஒன்றுதான் என்றால் இரண்டும் அங்கேதான் போகும். பெரியது மேலே ஏறிப் படுக்கும், சின்னது அடியில் கிடக்கும், அல்லது குளிர்ந்த மூலைக்குப் போய்விடும். நாய் என்றால் உறுமும், பூனை என்றால் சீறும். பாம்பு சத்தமே போடாமல் ஒதுங்குவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் சூடு கிடைக்காத பாம்புக்குத் தின்ற எலி செரிக்காது. கக்கிவிடும்.

கக்கிய எலியை ஃப்ரீசர் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வருவார்கள். "எந்தப் பாம்பு கக்கியது?" என்று கேட்டால் அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எனக்கு இருக்கும் பெரிய தலைவலி இதுதான். கார்ன் ஸ்நேக்குக்கு கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு இரைப்பை ஒட்டுண்ணி வரும். கக்கும், மெலியும், வயிற்றுப் பகுதி வீங்கும். நம்பிக் கொடுக்க மருந்து இல்லை. எச்சத்தின் வழியாகப் பரவுவதால் ஒரே பெட்டி என்றால் ஒன்றிடமிருந்து மற்றதுக்கு எளிதில் போய்விடும். பரிசோதனைக்கு அனுப்பும் எச்சம் யாருடையது என்றே தெரியாவிட்டால் நான் என்ன சொல்வது?

அப்புறம் சாப்பாடு. இரண்டும் ஒரே எலியைக் கவ்வினால் யாரும் விட மாட்டார்கள், விழுங்கிக்கொண்டே வருவார்கள். கடைசியில் ஒன்றின் தலை மற்றதன் வாய்க்குள். வெளியே எடுத்துத் தனியாக ஊட்டிவிட்டுத் திரும்ப விடலாமே என்று கேட்பீர்கள். எலி வாடை மேலே இருக்கும்போது பக்கத்தில் இருப்பதும் எலியாகத் தெரியக்கூடும். கார்ன் ஸ்நேக் இன்னொரு கார்ன் ஸ்நேக்கை விழுங்குவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. கடைக்காரர் குட்டிகளை ஒன்றாகப் போடுவது விற்கும்வரைதான். அவர் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு.

இரண்டும் ஒரே பாலா என்று பார்த்தீர்களா? ஆணும் பெண்ணுமாக இருந்தால் முட்டை வரும். வளர்த்தி போதாத பெண்ணுக்கு முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வரப்போவது பெண் என்றால், அது முன்பு ஆணோடு இருந்ததா என்று கேட்டு வையுங்கள். விந்தை உடலில் வைத்திருந்து மாதங்கள் கழித்தும் முட்டையிடும்.

இனி, செய்ய வேண்டியது. புதிதாக வரும் பாம்பை மூன்று மாதமாவது வேறு அறையில் வையுங்கள். அதுவரை பூட்டுப் போடும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். காற்றுக்குத் துளைகள், தெர்மோஸ்டாட்டோடு ஹீட் மேட், சூடான பக்கம் ஒரு குகை, குளிர்ந்த பக்கம் ஒரு குகை, தண்ணீர்க் கிண்ணம். சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரி இருக்கட்டும். அடியில் கிச்சன் டவல் விரியுங்கள், எச்சம் தெளிவாகத் தெரியும். காலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். கசகசா போலக் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் அவை உண்ணிகள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பழைய பாம்பை முதலில் கவனித்து, கை கழுவிவிட்டுப் புதியதிடம் போங்கள். மாற்றிச் செய்ய வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து அதற்கும் முறையான பெட்டி. வளர்ந்த கார்ன் ஸ்நேக் நான்கு, ஐந்தடி வரும். உடலை முழுதாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பதால் உங்கள் நாலடிப் பெட்டி ஒன்றுக்கே அளவாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொருந்தும் 2006-ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம், ஒரு பிராணியை மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டுமா, தனியாக வைக்க வேண்டுமா என்ற தேவையைக் கவனிப்பதையும் வளர்ப்பவரின் கடமைகளில் சேர்த்திருக்கிறது.

கேள்வி: என்னிடம் ஆணும் பெண்ணுமாக இரண்டு பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புகள் ஒரே தொட்டியில் இருக்கின்றன. ஆண் இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை. என்ன செய்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் பிரியுங்கள். பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் இனம்தான், இணைசேரும் பருவத்தில் ஆண் சாப்பாட்டை மறப்பது வழக்கம். ஆனால் பக்கத்தில் ஒரு பெண் இருக்கும்போது இது பருவமா, பயமா, நோயா என்று யாராலும் சொல்ல முடியாது. தனியாக, இருட்டான, உடல் இறுக்கமாக அடங்கும் குகை கொடுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அது எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் பகலைக் கழிப்பது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, வாயில் சளி தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. இந்தியாவில் இந்த இனத்தை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்திருக்கிறீர்களா?

கேள்வி: கிங் ஸ்நேக்கும் கார்ன் ஸ்நேக்கும் சேர்ந்து இருக்குமா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: சேர்ந்துதான் இருக்கும், ஒன்று மற்றதன் வயிற்றுக்குள். கிங் ஸ்நேக்கின் இயல்பான உணவில் பாம்பும் உண்டு.

கேள்வி: பாம்பு என்றாலே தனிமையா? கார்ட்டர் பாம்புகளைக் கூட்டமாக வளர்க்கலாம் என்கிறார்களே?
– வாசகி, டொரொண்டோ

பதில்: உங்கள் நாட்டுப் பாம்புதான் இதில் விதிவிலக்கு. மானிடோபாவில் நார்சிஸ் என்ற இடத்தில், குளிர்காலத்தைச் சுண்ணாம்புப் பாறைப் பொந்துகளில் கழித்துவிட்டு வசந்தத்தில் பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் மேலே வரும். பார்க்கக் கூட்டம் கூடும். ஒன்டாரியோவின் வில்ஃப்ரிட் லோரியர் பல்கலைக்கழகத்தில் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கார்ட்டர் பாம்புகள் குறிப்பிட்ட சில பாம்புகளோடு இருப்பதையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தன. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

ஆகவே வளர்க்கலாம். ஒரே அளவு, ஒரே பால், ஒரே இடத்தில் வாங்கியவை என்றால் நல்லது. பெட்டி பெரியதாகவும், குகைகள் பாம்புகளின் எண்ணிக்கையைவிட அதிகமாகவும் இருக்கட்டும். புழுவோ மீனோ கொடுக்கும்போது மட்டும் ஒவ்வொன்றையும் தனி டப்பாவில் விடுங்கள். ஒரே மண்புழுவை இரண்டு முனையிலிருந்தும் விழுங்கத் தொடங்கினால், முன்பு சொன்ன கதைதான்.