விஸ்கி பீப்பாயா, வீட்டுக்கான முன்பணமா?

கேள்வி: வணக்கம். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியில், ஒரு இண்டிபெண்டண்ட் பாட்டிலிங் நிறுவனத்தின் (பிற ஆலைகளில் வடித்த விஸ்கியை வாங்கித் தன் லேபிளில் விற்கும் நிறுவனம்) கிடங்கில் வேலை பார்க்கிறேன். எடின்பரோவில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் டிஸ்டில்லிங் படிக்க வந்து, அப்படியே இங்கே தங்கிவிட்டேன். வயது 34, ஆண்டுச் சம்பளம் 34,000 பவுண்டு. மனைவிக்கு வயது 31, முதியோர் இல்லத்தில் பகுதி நேர வேலை. 3 வயதில் மகள். வாடகை வீட்டில் இருக்கிறோம். நிரந்தர வதிவிட உரிமை போன வருடம் கிடைத்தது. சேமிப்பு 42,000 பவுண்டு.

உடன் வேலை பார்க்கும் நண்பரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு விஸ்கி லேபிள் தொடங்க ஆசை. பணம் என்னுடையது, விற்பனையை அவர் பார்த்துக்கொள்வார். ஒரு புரோக்கர் 6 ஹாக்ஸ்ஹெட் (ஒரு வகைப் பீப்பாய்) நியூ மேக் ஸ்பிரிட்டை, அதாவது புதிதாக வடித்த, இன்னும் முதிராத சரக்கை, ஒன்று 3,000 பவுண்டு வீதமும், 9 வருடம் ஆன 2 ஹாக்ஸ்ஹெட்டை ஒன்று 6,000 வீதமும் தருகிறேன் என்கிறார். மொத்தம் 30,000. பீப்பாய் லாபத்துக்கு வரி கிடையாது என்றும் சொல்கிறார். புட்டி, லேபிள், பாட்டிலிங் கூலி எல்லாம் சேர்த்து பாட்டிலுக்கு 6 பவுண்டு, கடை விலை 65 பவுண்டு என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கோவையில் இருக்கும் மாமாவும் 20 லட்சம் போடத் தயார். நல்ல மரம் எது, நல்ல சரக்கு எது என்று எனக்குத் தெரியும். இறங்கலாமா?

பதில்: நியூ மேக் பீப்பாய்கள் ஆறும் வேண்டாம். 9 வருடப் பீப்பாய் ஒன்றை மட்டும், சில நிபந்தனைகளோடு, வாங்கிப் பார்க்கலாம். மாமாவின் பணத்தைத் தொடவே வேண்டாம்.

சரக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஷெர்ரி பீப்பாயில் கந்தக வாடை அடிக்கிறது, எந்த போர்பன் பீப்பாயில் மரம் ஓய்ந்துவிட்டது என்பதையெல்லாம் மோந்து பார்த்தே சொல்லிவிடுவீர்கள். என் கவலை வேறு. உங்கள் சம்பளம் ஏற்கெனவே ஸ்காட்ச் விஸ்கியிலிருந்துதான் வருகிறது. சேமிப்பில் 70 சதவீதத்தையும் கொண்டுபோய் அங்கேயே வைத்தால், தொழில் படுக்கிற வருடத்தில் வேலையும் ஆட்டம் காணும், பீப்பாயை வாங்கவும் ஆள் இருக்காது. இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

இதை வெறும் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை. ஸ்காட்ச் ஏற்றுமதி 2022-இல் 620 கோடி பவுண்டு. 2024-இல் அது 540 கோடி. பல டிஸ்டிலரிகள் (விஸ்கி வடிக்கும் ஆலைகள்) உற்பத்தியைக் குறைத்துவிட்டன. 2021, 2022-இல் உச்ச விலைக்குப் பீப்பாய் வாங்கிய முதலீட்டாளர்கள் இப்போது விற்க ஆள் தேடுகிறார்கள். உங்கள் புரோக்கரிடம் இவ்வளவு சரக்கு கைவசம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தொழிலில் இருக்கும் உங்களுக்கு 1983 கதை தெரிந்திருக்கும். தேவைக்கு மேல் சரக்கு குவிந்ததால் அன்றைய பெரிய விஸ்கி நிறுவனமான டிசிஎல் அந்த ஒரே ஆண்டில் போர்ட் எலன், ப்ரோரா உட்படப் பல டிஸ்டிலரிகளை மூடியது. பின்னாளில் அந்த மூடிய டிஸ்டிலரிகளின் பீப்பாய்களை வைத்திருந்த பாட்டிலர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். ஆனால் அது 20 வருடம் பணத்தை எடுக்காமல் உட்கார முடிந்தவர்களுக்குக் கிடைத்த லாபம். 1983-இல் வேலை போன ஒரு கிடங்குத் தொழிலாளி நாலு பீப்பாய் வைத்திருந்தால், அடுத்த மாத வாடகைக்கே அவற்றைக் கிடைத்த விலைக்குத் தள்ளியிருப்பார். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ஹாக்ஸ்ஹெட் 250 லிட்டர். வழக்கமான 63.5 சதவீத வலிமையில் நிரப்பினால் உள்ளே இருக்கும் தூய ஆல்கஹால் சுமார் 159 லிட்டர். 3,000-ஐ அதால் வகுத்தால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 19 பவுண்டு. உங்கள் நிறுவனம் டிஸ்டிலரியில் நேரடியாக நிரப்பும்போது என்ன கொடுக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். காலிப் பீப்பாயின் விலையையும் அதோடு சேர்த்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு வகுத்தல் போதும், புரோக்கர் எவ்வளவு மேலே வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

விலை சரியாகவே இருந்தாலும் காலம் இருக்கிறது. சட்டப்படி 3 வருடத்தில் ஸ்காட்ச் ஆகிவிடும் என்றாலும், பெயர் தெரியாத ஒரு புது லேபிளின் 3 வருட மால்ட்டை யார் வாங்குவார்கள்? 10 வருடமாவது காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 4 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், இன்றைய 18,000 பவுண்டு 10 வருடத்தில் 26,600-ஐத் தாண்டும். அதாவது ஒவ்வொரு பீப்பாயும் 4,400-க்கு மேல் போனால்தான் வங்கியில் போட்டதற்குச் சமம். கிடங்கு வாடகை, இன்சூரன்ஸ், ரீகேஜ் (பீப்பாயில் மீதி எவ்வளவு சரக்கு, என்ன வலிமை என்று அளப்பது) கட்டணம் எல்லாம் அதற்கு மேல். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போவதால், 159 லிட்டர் ஆல்கஹால் 10 வருடத்தில் 130 ஆகியிருக்கும். இடையில் ஒரு பலகை கசிந்தால் அது உங்கள் தலையில். பெரிய பாட்டிலரிடம் ஆயிரக்கணக்கில் பீப்பாய் இருப்பதால் ஒன்று கெட்டாலும் சமாளித்துவிடுவார். ஆறு பீப்பாய்க்காரருக்கு அது ஆறில் ஒரு பங்கு முதல்.

இனி 9 வருடப் பீப்பாய். அதில் 132 லிட்டர் தூய ஆல்கஹால் மீதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 46 சதவீதத்துக்கு நீர் சேர்த்தால், பாட்டிலிங்கில் வீணாவது போக ஏறக்குறைய 400 பாட்டில். சரக்கின் விலை பாட்டிலுக்கு 15 பவுண்டு, உங்கள் 6 பவுண்டைச் சேர்த்தால் 21. உள்நாட்டில் விற்றால் எக்சைஸ் டூட்டி (கலால் வரி) கட்ட வேண்டும். 2025 பிப்ரவரி விகிதப்படி தூய ஆல்கஹால் லிட்டருக்கு 32.79 பவுண்டு, அதாவது 70 சென்டிலிட்டர் பாட்டிலுக்கு 10.56. மொத்த அடக்கம் 31.50-ஐத் தாண்டுகிறது. இப்போது கடை விலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 65-இல் வாட் வரி போனால் 54. கடைக்காரர் கால் பங்கு எடுத்தால் உங்கள் கைக்கு 40, கூடிப்போனால் 41. பாட்டிலுக்கு 9 பவுண்டு நிற்கிறது. 400-உம் விற்றால் 3,600. மாதிரிக்குக் கொடுத்தது, உடைந்தது, திருவிழா ஸ்டால் வாடகை, நண்பரின் பங்கு எல்லாம் இதிலிருந்துதான். நடுவில் ஒரு விநியோகஸ்தர் வந்துவிட்டால் இதுவும் இல்லை.

இந்தக் கணக்கைவிடப் பல புது லேபிள்களைக் கவிழ்ப்பது தேதிகள்தான். சரக்கு பாண்டட் கிடங்கை (டூட்டி கட்டாத சரக்கை வைக்கும் கிடங்கு) விட்டு உள்நாட்டு விற்பனைக்கு வெளியே வரும்போதே டூட்டி கணக்கில் ஏறிவிடும். 400 பாட்டிலுக்கு அது 4,200 பவுண்டு. கடைக்காரர் 30 நாள், 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார். ஆகவே முதல் பீப்பாயை முடிந்தவரை பாண்டில் வைத்தபடியே மொத்த வியாபாரிக்கு விற்கப் பாருங்கள்; டூட்டி அவர் பாடு. ஜெர்மனிக்கோ தைவானுக்கோ ஏற்றுமதி செய்தால் பிரிட்டிஷ் டூட்டியே இல்லை. இண்டிபெண்டண்ட் பாட்டிலர்கள் வெளிநாட்டு இறக்குமதியாளர்களைத் தேடித் தேடிப் போவதில் இந்தக் காரணமும் உண்டு. உங்கள் நண்பர் விற்பனையைப் பார்த்துக்கொள்வார் என்றால், பீப்பாய்க்குப் பணம் கட்டும் முன்பே ஒரு இறக்குமதியாளரின் எழுத்து மூலமான ஆர்டரோடு வரட்டும்.

பெயர் உரிமையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. டிஸ்டிலரியின் பெயரை லேபிளில் போட அனுமதி உண்டா? டீஸ்பூன் செய்த சரக்கா, அதாவது சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டிலரியின் மால்ட் விஸ்கி) என்று விற்க முடியாதபடி வேறு மால்ட் ஒரு துளி சேர்த்ததா? பெயர் இல்லாத ஸ்பேசைட் மால்ட், பெயர் இல்லாத பாட்டிலர், விலை 65 பவுண்டு. இது நடக்காது என்று நான் சொல்லவில்லை, கடினம். 1895 முதல் எல்ஜினில் இருக்கும் கார்டன் அண்ட் மெக்ஃபைல் நிறுவனமே, பிற டிஸ்டிலரிகளில் பீப்பாய் நிரப்புவதை 2024-லிருந்து நிறுத்துவதாக 2023-இல் அறிவித்தது. அவர்களிடம் சொந்த டிஸ்டிலரிகள் உண்டு: 1993-இல் வாங்கிய பென்ரோமாக், 2022-இல் திறந்த கெய்ர்ன். சிக்னட்டரி 2002-லேயே எட்ரடவரை வாங்கிவிட்டது. அடுத்தவர் சரக்கை மட்டும் நம்பி இருப்பது எத்தனை ஆபத்து என்று இந்தப் பெரியவர்கள் கண்டுகொண்டார்கள் என்பது என் கருத்து.

உரிமைப் பத்திரம் பற்றியும் சொல்ல வேண்டும். புரோக்கர் தரும் அழகான சான்றிதழுக்கு மதிப்பில்லை. விற்பவர் கையெழுத்திட்ட டெலிவரி ஆர்டரைக் கிடங்குக்காரர் ஏற்று, தன் பதிவேட்டில் பீப்பாய் எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றி, அதை அவரே உங்களுக்கு எழுதித் தர வேண்டும். ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்ற கதைகளை பிபிசி ஸ்காட்லாந்து 2025-இல் வெளியிட்டது. லண்டன் சிட்டி போலீஸும் விசாரணையில் இறங்கியது. பீப்பாய் முதலீடு, நிதித் துறையைக் கண்காணிக்கும் அமைப்பான எஃப்சிஏ கண்காணிப்பில் வராது, ஏமாந்தால் இழப்பீட்டுத் திட்டமும் கிடையாது. வியாபாரத்துக்காகப் பாண்டில் சரக்கு வைத்திருப்பவர் பிரிட்டிஷ் வரித்துறையான எச்எம்ஆர்சியில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். மொத்த விற்பனைக்குத் தனி அனுமதி. இந்தப் பதிவுகள் எல்லாம் உள்ள ஒரு சிறிய பாட்டிலரோடு முதல் பீப்பாயை ஒப்பந்த அடிப்படையில் செய்வது உங்களுக்குச் செலவு மிச்சம்.

வரி இல்லை என்று புரோக்கர் சொன்னது பாதி உண்மை. 50 வருடத்துக்கு மேல் தாங்காத பொருள் என்ற கணக்கில், சாதாரண ஆள் சும்மா வாங்கி வைத்து விற்கும் பீப்பாய்க்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி வராது. நீங்களோ தொழிலில் இருப்பவர், லேபிள் ஒட்டி விற்கப்போகிறீர்கள். இது வியாபாரம். கம்பெனி தொடங்கினால் 50,000 பவுண்டு வரையிலான லாபத்துக்கு 19 சதவீதக் கார்ப்பரேஷன் வரி உண்டு.

மாமா விஷயம். பலரிடம் பணம் வாங்கி ஒருவர் நிர்வகித்து லாபத்தைப் பங்கு போடும் ஏற்பாடு, இங்குள்ள சட்டத்தில் கூட்டு முதலீட்டுத் திட்டமாகக் கருதப்படக்கூடும். எஃப்சிஏ அனுமதி இல்லாமல் அதை நடத்துவது குற்றம். சட்டத்தை விடுங்கள், 5 வருடத்தில் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பணம் கேட்டால் பீப்பாயைக் கோவைக்கு உருட்டிக்கொண்டா போவீர்கள்? போகவும் முடியாது. ஸ்காட்ச் முதிர வேண்டியது ஸ்காட்லாந்தில், சிங்கிள் மால்ட்டைப் புட்டியில் அடைக்க வேண்டியதும் இங்கேதான்.

42,000-ஐ இப்படிப் பிரிப்பேன். 12,000 எடுத்த எடுப்பில் எடுக்கக்கூடிய கணக்கில், வேலை போனால் 6 மாதம் தாக்குப்பிடிக்க. 16,000 லைஃப்டைம் ஐசா என்ற சேமிப்புக் கணக்கில்: நீங்களும் மனைவியும் ஆளுக்கு 4,000 இந்த வரி ஆண்டில், அதேபோல் ஏப்ரலுக்குப் பிறகு இன்னொரு முறை. ஒவ்வொரு 4,000-க்கும் அரசு 1,000 சேர்க்கிறது. எந்தப் பீப்பாயும் இதைத் தராது. 40 வயதுக்குள் கணக்கு தொடங்க வேண்டும், தொடங்கி 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், 4,50,000 பவுண்டுக்கு மேற்படாத முதல் வீட்டுக்குத்தான் பயன்படும். வேறு எதற்காவது 60 வயதுக்கு முன் எடுத்தால் 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். முக்கியமாக, ஊரில் உங்கள் பெயரில் ஒரு வீடோ, பூர்வீக வீட்டில் ஒரு பங்கோ இருந்தால் நீங்கள் முதல் வீடு வாங்குபவர் ஆக மாட்டீர்கள். அப்பா எப்போதோ உங்கள் பெயரையும் சேர்த்துப் பதிந்திருக்கிறாரா என்று இப்போதே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

மீதி 14,000. ஒரு பீப்பாய் 6,000, பாட்டிலிங் 2,400, உள்நாட்டில் விற்க நேர்ந்தால் டூட்டி 4,200. இதற்குள் அடங்கிவிடும். மொத்தமும் போனாலும் வீட்டுத் திட்டம் நிற்கும்.

வாங்குவதற்கு முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். முதலாளியும் பாட்டிலர், நீங்களும் பாட்டிலர் என்றால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஒரு பீப்பாய்கூடப் பேசக்கூடாது. கிடங்கில் பார்த்த விலைப்பட்டியலை வைத்துப் போட்டி வியாபாரம் செய்தார் என்று ஒரு வார்த்தை கிளம்பினால், இந்தச் சின்ன ஊரில் வேறு வேலை தேடுவது கஷ்டம். நண்பரோடு பங்கு எத்தனை, பிரிந்தால் பீப்பாய் யாருக்கு என்பதையும் ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதிவிடுங்கள். அப்புறம் புரோக்கரிடம் 6 மாதத்துக்கு உட்பட்ட ரீகேஜ் அளவு, பீப்பாயிலிருந்து நேரடியாக எடுத்த மாதிரி, கிடங்கின் பெயர், பெயர் உரிமைக் கடிதம் நான்கையும் கேளுங்கள். அவர் இழுத்தடித்தால் அந்தப் பீப்பாயை விட்டுவிடுங்கள். இந்த மந்தத்தில் வேறு பீப்பாய் கிடைக்கும், பேரம் பேசவும் இடம் இருக்கும்.